நாக்கில் படாத உப்பு

கொக் ஓ வான் என்ற பிரெஞ்சுக் குழம்புக்கு முதலில் வேண்டியது ஒரு கிழட்டுச் சேவல். சதை இறுகி, வேறு எதற்கும் உதவாமல் போன சேவல். அதைச் சிவப்பு வைனில் இரவு முழுக்க ஊறவைத்து, உப்பிட்ட பன்றித் துண்டுகள், சின்ன வெங்காயம், காளான் சேர்த்து, இரண்டு மூன்று மணி நேரம் சிறு நெருப்பில் வேகவிடுவார்கள். உழவர் வீட்டுச் சமையல் இது. இன்றைய உணவகங்களில் சேவல் போய் இளங்கோழித் தொடை வந்துவிட்டது; வைனைத் தனியே வற்றவைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். பழைய முறையோ புதிய முறையோ, சமைப்பவர் கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் இறக்க முடியாது. வைனின் புளிப்பு அடங்கியதா, பன்றித் துண்டு எவ்வளவு உப்பை விட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் அறிய வழியில்லை.

அந்தக் கரண்டி பாரிஸ் நகரில் பல இடங்களில் யாழ்ப்பாணத்தவர் கையில் இருக்கிறது. 1983 ஜூலையில் இலங்கைத் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் ஏராளமானோருக்கு முதல் வேலை உணவகத்தின் பின்புறத்தில் கோப்பை கழுவுவதுதான். பிறகு மரக்கறி வெட்டுவது, அதன் பிறகு அடுப்படி. பாரிஸின் லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைகள் பெருகின. 1985இல் மாணிக்க விநாயகர் ஆலயம் எழுந்தது. ஆண்டுதோறும் கோடை முடிவில் அந்தப் பிள்ளையாரின் தேர் பாரிஸ் தெருக்களில் வலம் வர, தேங்காய்கள் சிதறும். ஏறக்குறைய அதே பருவத்தில்தான் நல்லூர்க் கந்தனுக்கு இருபத்தைந்து நாள் திருவிழா. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீட்டுக் குசினிகளில் மச்சச் சட்டிகள், அதாவது மீனும் இறைச்சியும் சமைக்கும் சட்டிகள், கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். கடல் கடந்த பிள்ளையும் அதே விரதத்தைப் பிடிக்கிறார். ஆனால் அவருக்கு முன்னால் கொதிப்பது வைனில் வேகும் கோழி.

அதை அவர் ருசி பார்க்கலாமா? கிண்டினாலே விரதம் முறிந்துவிடுமா?

பார்க்காமல் சமைப்பது சைவருக்குப் புதிதல்ல. கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியத்தை யாரும் வாயில் வைப்பதில்லை. மூக்கால் மணம் பிடிப்பதும் தவறு. தைப்பொங்கலன்று முற்றத்தில் பொங்குகிற தாய்மாரும் படைத்த பிறகே ருசிக்கிறார்கள். உப்பும் சர்க்கரையும் அவர்களுக்குக் கைப்பிடிக் கணக்கு. இந்தப் பழக்கத்தோடு வளர்ந்தவர் பாரிஸ் குசினியில் கரண்டியைப் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டி 'உப்புச் சரியோ?' என்று கேட்டுவிட்டுத் தன் நாக்கைக் காத்துக்கொள்ளலாம்.

பிரெஞ்சுக்காரருக்கும் இந்தச் சங்கடம் தெரியாததல்ல. கத்தோலிக்க பிரான்ஸில் நூற்றாண்டுக் கணக்காக வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் இறைச்சி விலக்கிய நாட்கள். 1868 முதல் 1883 வரை யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்த பொன்ஜோன் ஆண்டகை பிறந்தது ஒவேர்ன் பகுதியில். அங்குள்ளவர்கள் கொக் ஓ வானைத் தங்கள் மண்ணின் உணவு என்று உரிமை கொண்டாடுவதுண்டு. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிலும் சைவ அயலவர் வீட்டிலும் இறைச்சி இல்லை. யாழ்ப்பாணத்துச் சைவருக்கு மீனும் மச்சம்தான். ஆயர் வீட்டில் அதற்குத் தடையில்லை.

ஆனால் ருசி பார்க்காமையே பக்தி என்றால் கண்ணப்பரை எங்கே வைப்பது? சேக்கிழார் பெரியபுராணத்தில் காட்டும் திண்ணன் என்ற வேடர்தான் பின்னர் கண்ணப்பர் ஆனார். அவர் வேட்டையாடியது பன்றியை. இறைச்சியைத் தீயில் வதக்கி, ஒவ்வொரு துண்டையும் பல்லால் அதுக்கிப் பார்த்து, நல்லதை மட்டும் காளத்தி நாதருக்கு எடுத்துப் போனார். அங்கே பூசை செய்த சிவகோசரியார் அதைக் கண்டு பதறிச் சந்நிதியைத் துப்புரவாக்கினார். ஆறு நாட்களில் இறைவனின் தீர்ப்பு வந்தது, வேடர் பக்கமாக. உண்பவருக்கு நல்லதைத் தரவேண்டும் என்ற தவிப்பிலிருந்து எழுந்த ருசிபார்த்தல் அது. சமையல்காரரின் தர்மம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் சொல்லப்படவில்லை. அந்த வகையில் பாரிஸ் அடுப்படியில் கரண்டியை நாக்கில் வைப்பவர் சைவத்துக்கு வெளியே போய்விடவில்லை.

கண்ணப்பரை நினைவில் வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உணவின் தீட்டு மனிதர் மீது ஏறியது. பனையேறிக் கள் இறக்கியவர்கள், மச்சம் தின்பவர்கள் என்று பழித்து ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கோயில் வாசலில் நிறுத்தியவர்கள், அதே மச்சத்தையும் கள்ளையும் தாங்கள் ருசித்தபோது தீட்டைக் காணவில்லை. 1957இல் தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அவர்கள் உள்ளே நுழையும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. நாக்கின் தூய்மையை மட்டும் காக்கும் விரதத்தை அந்த வரலாறு தெரிந்தவர் எளிதில் மெச்ச முடியாது.

தீட்டு ஒரு கேள்வி. கொலை வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இந்த விவாதம் எப்போதும் கரண்டியோடு நின்றுவிடுகிறது. வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வாங்கித் தின்பவரையே கேள்வி கேட்கிறார்: தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இல்லை. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் புலாலையும் கோயில்களில் ஆடும் சேவலும் பலியிடும் வேள்வியையும் விடாமல் கண்டித்தார். 2017இல் யாழ். மேல் நீதிமன்றம் மிருகபலிக்குத் தடை விதித்தபோதும் அந்தக் குரல் இன்னும் ஓயவில்லை என்பது தெரிந்தது. நாக்கில் வைக்காமல் கிண்டுவதால் கோழிக்கு உயிர் திரும்புவதில்லை. கண்ணப்பரின் அன்பும் அந்தப் பன்றிக்குப் பதிலாகாது. குடும்பத்துக்காக உழைக்கும் சமையல்காரரைக் குற்றம் சொல்வது அநியாயம்; வள்ளுவரின் கேள்வி மேசை முன் அமர்ந்து கேட்டு வாங்குபவருக்கே முதலில் போய்ச் சேரவேண்டியது. கந்தபுராணத்தில் சூரபன்மனின் ஒரு பாதி சேவலாகி முருகன் கொடியில் ஏறுகிறது. கொடியில் வணங்குகிற பறவையை வைனில் வேகவைப்பது பற்றி ஒரு நிமிடமாவது யோசிக்க, நல்லூர் அடியார்களுக்குக் காரணம் உண்டு.

சேவலை விட்டுவிட்டாலும் வைன் மிஞ்சுகிறது; கள்ளுண்ணாமைக்கும் குறளில் ஓர் அதிகாரம் இருக்கிறதே. கொதித்தால் மதுசாரம் முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் அட்டவணைப்படி, அரை மணி நேரம் கொதித்தால் சுமார் 35 வீதம் மிஞ்சும். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 வீதம் கிடக்கும். பழைய முறையின் நீண்ட கொதிப்பு இந்த விஷயத்தில் புதிய அவசர முறையைவிடச் சுத்தமானது.

அதனால் விரதகாலத்துக்கு யாழ்ப்பாணக் கைப்பக்குவத்தில் ஒரு மாற்றம் செய்து பார்க்கலாம். கோழிக்குப் பதில் பிலாக்காய்; பன்றித் துண்டுகள் வேண்டாம். பிலாக்காயின் நார் இறைச்சி போலப் பிரியும். ஊரில் விரதச் சோற்றோடு அதைத் தின்று பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வைனுக்குப் பதில் கள்ளு வினாகிரி: மதுசாரத்தைப் பக்டீரியா புளிப்பாக மாற்றிவிட்டது. வைனின் இனிப்பை ஈடுகட்ட ஒரு துண்டு பனங்கட்டி. பனையேறிகளை வாசலில் நிறுத்திய ஊரில், அவர்கள் ஏறிய மரமே குழம்புக்குப் புளிப்பும் இனிப்பும் தருகிறது. காளான் அப்படியே இருக்கட்டும். சேவலும் இல்லை, வைனும் இல்லை என்பதால் இதைக் கொக் ஓ வான் என்று விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். வேறு பெயர் வைக்க வேண்டும். சின்ன வெங்காயத்தை மட்டும் சமைப்பவர் தன் வீட்டு வழக்கப்படி முடிவு செய்யட்டும். கடும் விரதக்காரர் சிலர் அதையும் தள்ளுவார்கள்.