மண் சுமந்தவனின் நகரம்



அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, விபூதி சந்தனம் வாங்கியபின் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அவர் பிரான்சுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பிள்ளைகள் படித்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஆனாலும் அவர் மனதில் ஒரு குறை.

"தம்பி, ஊரிலை கோயில் மணி கேட்டு எழும்பின நாங்கள். இங்கை ஸ்டாலின்கிராட்டிலை மெத்ரோ ஓடுற சத்தத்திலைதான் முழிப்பு வருது. ஆர் எவர் எண்டு தெரியாத சனத்துக்குள்ளை சீவிக்கிறம். இப்பிடிப்பட்ட பட்டணத்திலை சாமி இருப்பாரே?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலை இன்று உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

காடும் மலையுமே தவத்துக்கு உரியவை, பட்டணம் வயிற்றுப் பிழைப்புக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் நமது ஞானிகளுக்கு நகரம் என்ற சொல் அந்நியமானதல்ல. பகவத்கீதை இந்த உடலை ஒன்பது வாயில்கள் கொண்ட நகரம் என்கிறது. சாந்தோக்கிய உபநிடதம் இதைப் பிரமபுரம், அதாவது பிரமத்தின் நகரம், என்றே அழைக்கிறது. அந்த நகரத்தின் நடுவே தாமரை போன்ற ஒரு சிறு வீடு உண்டு, அதற்குள் இருப்பதைத் தேடி அறிக என்கிறது. வாயில்கள் பல; போவதும் வருவதும் ஓயாது; சத்தமும் சந்தடியும் அடங்காது. அத்தனைக்கும் நடுவில்தான் இறைவன் இருக்கும் அமைதியான இடம். சந்தடி நின்ற பின்பே அவனைத் தேடலாம் என்று காத்திருப்பவன் ஒருநாளும் தேடப்போவதில்லை.

இனி, எம்பெருமான் நடந்து திரிந்த நகரம் ஒன்றைப் பார்ப்போம். அதுதான் மதுரை. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் அறுபத்து நான்கு விளையாடல்கள் உண்டு. அவற்றில் சிவபெருமான் எடுத்த வேடங்களைக் கவனியுங்கள். ஓரிடத்தில் விறகு சுமந்து விற்கிறான். இன்னோரிடத்தில் தெருத் தெருவாக வளையல் விற்கிறான். மற்றோரிடத்தில் கூலிக்கு மண் சுமக்கிறான். எல்லாம் பட்டணத்துத் தெருவில் நாம் தினமும் காணும் வேலைகள்.

மண் சுமந்த கதை நீங்கள் அறிந்ததே. வைகை பெருக்கெடுத்துக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஒருவர் வந்து தமக்கு அளந்து விட்ட பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலி என்று பேசிக்கொண்டு இறைவன் கூலியாளாக வருகிறான். பிட்டை உண்கிறான், ஆடுகிறான், பாடுகிறான், படுத்து உறங்குகிறான். கோபங்கொண்ட பாண்டியன் பிரம்பால் முதுகில் அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுந்தது. அரசி மேலும், அமைச்சர் மேலும், எல்லா உயிர்கள் மேலும் விழுந்தது.

இந்தக் கதையில் நகர வாழ்வின் தத்துவம் இரண்டு இருக்கின்றன. முதலாவது, வெள்ளம் வந்தால் எல்லார் வீட்டுக்கும் வரும். ஆகவே கரையில் கிழவிக்கும் ஒரு பங்கு உண்டு. அவள் பங்கு அடைபடாவிட்டால் அரண்மனையும் நனையும். இரண்டாவது, யாரென்று தெரியாத ஒரு கூலியாள் மேல் விழும் அடி நம் எல்லோர் முதுகிலும் விழுகிறது.

ஊர் நமக்குத் தந்தது பெரிது. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். இன்னார் பிள்ளை, இன்ன குறிச்சி, இன்ன சாதி என்று பார்த்தே நம் ஊர்கள் மனிதரை அளந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போய்க் கும்பிடுவதற்காக நம் மக்களிலேயே ஒரு பகுதியினர் வாசலில் நின்று போராட வேண்டியிருந்தது. பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் உருவானது. 1996இல் லா சப்பல் வீதிகளில் தேர் ஓடத் தொடங்கியது. அந்த வடத்தைப் பிடிப்பவரிடம் யாரும் குறிச்சி கேட்பதில்லை. பக்கத்தில் இழுப்பவர் யார் என்று தெரியாமலே சேர்ந்து இழுக்கிறோம். பெரியவர் குறையாகச் சொன்ன அந்தத் 'தெரியாத சனம்' இங்கே ஒரு விடுதலையாகவும் இருக்கிறது.

அவர் குறிப்பிட்ட ஸ்டாலின்கிராட் என்ற பெயரையே எடுங்கள். அது இந்த நாட்டுப் பெயரல்ல. ரஷ்யாவில் வொல்கா நதிக்கரையில் இருக்கும் ஒரு நகரம் 1942 முதல் 1943 பெப்ரவரி வரை போரில் பட்ட துயரத்தின் நினைவாக, போர் முடிந்தபின் பாரிஸ் தன் சதுக்கத்துக்கும் மெத்ரோ நிலையத்துக்கும் அந்தப் பெயரைச் சூட்டியது. 1961இல் அந்த நகரமே வொல்கோகிராட் என்று பெயர் மாறிவிட்டது. பாரிஸ் மாற்றவில்லை. எங்கோ ஒரு நகரத்தின் முதுகில் விழுந்த அடியின் தழும்பை இந்த நகரம் தன் மேல் சுமக்கிறது. நாம் தினமும் அதன் வழியாகத்தான் வேலைக்குப் போய் வருகிறோம்.

அதே இடத்தில்தான் நமக்கு ஒரு சோதனையும் வந்தது. 2015இலும் 2016இலும் லா சப்பல் முதல் ஸ்டாலின்கிராட் வரை மெத்ரோப் பாலத்தின் கீழ் அகதிகள் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். சூடானியர், எரித்திரியர், ஆப்கானியர். 2016 நவம்பரில் ஸ்டாலின்கிராட்டிலிருந்து மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரை அப்புறப்படுத்தினார்கள். அவர்களைப் பார்த்து "ஊத்தைச் சனம், இடத்தையே கெடுத்துப் போட்டாங்கள்" என்று நம்மவர் சிலர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். 1983க்குப் பின் கையில் ஒரு பையோடு வந்து, ஓர் அறையில் பத்துப் பேர் படுத்து, உணவகங்களில் கோப்பை கழுவி எழுந்தவர்கள் நாம். நம்மையும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். பாண்டியன் கையில் இருந்த பிரம்பு இப்போது நம் கைக்கு வந்துவிட்டதா என்று ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே அடியார்களே, தேங்காய் உடைப்பதோடு நம் கடமை முடிவதில்லை. படிக்கட்டில் எதிர்ப்படும் அயலவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். தனியே இருக்கும் பக்கத்து வீட்டு மூதாட்டிக்குப் பிரசாதம் கொண்டுபோய்க் கொடுங்கள். வந்தியும் தனியாகத்தான் இருந்தாள். பாலத்தின் கீழ் படுத்திருப்பவரைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். அன்னதானத்தில் மிஞ்சுவதை அல்ல, முதல் பங்கை எடுத்து வையுங்கள். இதையெல்லாம் பிள்ளைகள் பார்க்கச் செய்யுங்கள்; கதையைச் சொல்லிக் கொடுப்பதைவிட அது நன்றாக மனதில் பதியும்.

மதுரையில் பிட்டுத் திருவிழா ஆவணி மூலத்தில் நடக்கும். இங்கே நம் பிள்ளையார் தேரும் கோடை முடியும் அந்த நாட்களை ஒட்டியே வருகிறது. மகன் தேரில் வரும் அதே வீதியில், தந்தை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கூலிக்கு நிற்கக் கூடும். அவனை அடையாளம் காணும் கண்ணை அவனே நமக்குத் தர வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.