உபதேசியார் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்

“எனக்கு என்ன சாமி தெரியும்? நான் கைநாட்டு.”

ஏலப்பாறைப் பக்கத்து லயங்களில் பேரப்பிள்ளையின் மறைக்கல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால் பாட்டிமார் வாயிலிருந்து சட்டென்று விழுகிற பதில் இது. பாட்டி, முதலில் அந்தப் பேச்சை விடுங்கள்! அடைமழையிலும் அட்டைக்கடியிலும் காலமெல்லாம் கொழுந்து எடுத்தவர் நீங்கள். தோட்டம் பூட்டி, கூலி நின்று, அடுப்பு எரியாத நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமை சேலை மாற்றிக்கொண்டு மேடேறிக் கோயிலுக்குப் போனீர்கள். எந்த நம்பிக்கையில் போனீர்களோ, அதைத்தான் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்குக் கையெழுத்து எதற்கு?

கணக்கைப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். திருப்பலி முடிந்து நடக்கும் மறைக்கல்வி வகுப்புக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 167 மணி நேரம் பிள்ளை யார் கையில்? பள்ளிக்கூடம் கொஞ்சம், கைப்பேசி நிறைய, மிச்சம் நீங்கள். பீர்மேடு வட்டாரத்தில் 2000-ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தபின், வேலை தேடி மலை இறங்கிய தாய் தகப்பன்மார் எத்தனை பேர்! அந்த வீடுகளில் பிள்ளைக்குச் சோறு போட்டதும் தலை சீவியதும் தாத்தா பாட்டிதான். எல்லாம் செய்த கை, நெற்றியில் சிலுவை போட்டுவிட மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

குரு இல்லாமல் விசுவாசம் நிற்காது என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். 1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். வழிபாட்டுக்குத் தடை போட்டார்கள். 29 ஆண்டுகள் கழித்து, 1687-இல், கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு வந்து சேர்ந்தார். அங்கி கிடையாது, பல்லக்கு கிடையாது. பிச்சைக்காரர் வேடம், கழுத்தில் ஒரு ஜெபமாலை. வீடு வீடாகப் போய் நின்றார். யாருடைய கண் ஜெபமாலையில் நிற்கிறது என்று பார்த்தார். நின்றது! சில்லாலையில் அவரை வைத்துக் காப்பாற்றியதே அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள்தான். 29 ஆண்டு என்றால் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாணம் கட்டி, தானும் பிள்ளை பெறுகிற காலம். அதுவரை அவர்களுக்கு ஜெபமாலையை நினைவூட்டிக்கொண்டிருந்தது யார்? வீட்டுப் பெரியவர்கள்தான். கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லிய குரலில். 2015-இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் யோசேப் வாஸைப் புனிதராக உயர்த்தினார். அந்தப் பாட்டிமாருக்குப் பீடம் கிடைக்கவில்லை. அவர்கள் இல்லையென்றால் வாஸ் தட்டிய கதவுகளில் ஒன்றும் திறந்திருக்காது.

ஜப்பானில் இதைவிடப் பெரிய கதை. 1614-இல் கிறிஸ்தவத்துக்கு நாடு முழுக்கத் தடை. 1865-இல் நாகசாகிக்குப் புதிதாக வந்திருந்த பிரெஞ்சுக் குருவின் கோயிலுக்குள் உழவர் கூட்டம் ஒன்று நுழைந்து, தாங்களும் அதே விசுவாசம் கொண்டவர்கள் என்று சொன்னது. ஏறக்குறைய 250 ஆண்டுகள்! திருமுழுக்கைக்கூடத் தங்களுக்குள்ளேயே கொடுத்து, தலைமுறை தலைமுறையாக அந்த விசுவாசத்தைக் காத்து வந்திருக்கிறார்கள். நமக்கோ பங்குத்தந்தை இருக்கிறார், கோயில் இருக்கிறது, ஒலிபெருக்கியும் இருக்கிறது. வீட்டில்தான் சத்தம் இல்லை.

நம் நாட்டு தேவசகாயத்துக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் யார்? குரு அல்ல, குளச்சல் போரில் தோற்றுத் திருவிதாங்கூர் படையில் சேர்ந்த டச்சுத் தளபதி டிலனாய். மனம் உடைந்திருந்த நண்பனிடம், எல்லாவற்றையும் இழந்த ஒரு மனிதனின் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். கேட்டவர் 1745-இல் திருமுழுக்குப் பெற்றார், 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022-இல் புனிதரானார். துப்பாக்கி பிடித்த கை சொல்லித்தந்திருக்கிறது, கொழுந்து எடுத்த கைக்கு என்ன குறை? பவுலடியாரும் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பாராட்டும்போது, அவருடைய பாட்டியையும் தாயையும் பெயர் சொல்லித்தானே குறிப்பிடுகிறார்!

இனி அப்பாமாருக்கு. பிள்ளையைப் பைக்கில் கொண்டுவந்து கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்து டீக்கடையில் பத்திரிகை விரிக்கிறீர்களே, அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கிறது தெரியுமா? இது சின்னப் பிள்ளைகளுக்கும் பொம்பளைகளுக்கும் உரிய காரியம் என்று அன்றைக்கே அது முடிவு கட்டிவிடுகிறது. புதுநன்மை வாங்கும்வரை வரும், உறுதிபூசுதலோடு நின்றுவிடும். அப்புறம் இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான் என்று நீங்களே பிராது சொல்வீர்கள். டீ எங்கும் ஓடிவிடாது. உள்ளே வந்து பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள்!

இந்த மலையில் இன்னொரு சிக்கல் உண்டு. அதைப் பேசாமல் விட முடியாது. பாட்டியின் ஜெபம் தமிழ். பேரன் படிப்பது மலையாளம், சில வீடுகளில் ஆங்கிலம். இரண்டு பேருக்கும் நடுவில் வெட்கம் சுவராக நிற்கிறது. பாட்டியின் ஜெபம் பழைய ஜெபம் என்று பேரன் நினைக்கிறான். தன் ஜெபம் செல்லாக்காசு என்று பாட்டியே நினைக்கத் தொடங்கிவிடுகிறார். உடையுங்கள் அதை! மங்கள வார்த்தை ஜெபத்தை ஒருவர் பாதி சொல்ல, மற்றவர்கள் மீதியை முடிப்பதுதானே நம் வழக்கம்? முதல் பாதியைப் பேரன் மலையாளத்தில் சொல்லட்டும், மீதியைப் பாட்டி தமிழில் முடிக்கட்டும். ஜெபமாலையின் அடுத்த பத்து மணிகளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். கொஞ்ச நாளில் பாட்டியின் பாதி பேரனுக்கு மனப்பாடமாகிவிடும். மாதாவுக்கு இரண்டு மொழியும் புரியும்.

பங்குகளும் கொஞ்சம் துணிய வேண்டும். ஜூலை நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய நாளாக 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார். அதே ஆண்டு மே 10-இல், உபதேசியார் பணியைப் பொதுநிலையினருக்குரிய திருப்பணியாகவே ஏற்படுத்தினார். அந்த ஞாயிறு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு பொன்னாடை, ஒரு படம், ஒரு கேக் துண்டு. பொன்னாடை அலமாரிக்குள் போய்விடும். ஒலிவாங்கியைக் கொடுங்கள்! தோட்டம் பூட்டிய வருஷம் வீட்டில் என்ன ஜெபம் சொன்னீர்கள், கம்பம் பக்கமிருந்து மலையேறி வந்த உங்கள் தகப்பனார் எந்த மாதாவிடம் நேர்ந்துகொண்டார் என்று கேளுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது மறைக்கல்வி வகுப்பில் மூன்று தலைமுறையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். அன்றைக்குக் கேள்வி கேட்பது பிள்ளைகள். பதில் சொல்வது பெரியவர்கள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளைவிட நல்ல வகுப்பறை கிடையாது. புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி கொளுத்தும்போது பிள்ளை கேட்கும்: இங்கே யார் படுத்திருக்கிறது? அவசரப்பட்டு, “உன் பூட்டன்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அவர் எங்கிருந்து வந்தார், எந்த லயத்தில் இருந்தார், சாகும்போது என்ன ஜெபம் சொன்னார் எல்லாவற்றையும் சொல்லுங்கள். காற்றில் திரி அணைந்தால் பிள்ளையையே மறுபடி கொளுத்தச் சொல்லுங்கள், கதையை நிறுத்தாதீர்கள்.

ஆனால் நவம்பர் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இன்றைக்கு ராத்திரி அந்தத் தொலைக்காட்சியைப் பத்து நிமிஷம் அணையுங்கள். சீரியல்காரி எங்கேயும் போய்விட மாட்டாள். நாளைக்கும் அதே இடத்தில் நின்று அழுதுகொண்டுதான் இருப்பாள். பேரனைக் கூப்பிடுங்கள், பாட்டி. பயப்படாமல், சத்தமாகத் தொடங்குங்கள்!