ஓடிவந்த சாமி

எங்கள் தெருவில் எனக்கு இன்னும் ‘ஓடிவந்த சாமி’ என்றுதான் பெயர். இறையியல் இரண்டாம் வருஷத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குருமடத்திலிருந்து வீட்டுக்கு வந்தவன் நான். நாற்பது வருஷமாகிறது, பேத்தியும் பிறந்தாயிற்று. பெயர் மட்டும் போகவில்லை. அதனால்தானோ என்னவோ, பாப்பரசர்களில் ஐந்தாம் செலஸ்தீனிடம் எனக்குத் தனி ஒட்டுதல்.

1292-இல் நான்காம் நிக்கோலாஸ் இறந்தபின் இரண்டு வருஷத்துக்கு மேல் திருப்பீடம் காலியாகக் கிடந்தது. புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கர்தினால்மார் ஒரு டஜன் பேர்தான். அதற்குள் ஒர்சீனி கட்சி, கொலோன்னா கட்சி. மொரோனே மலைக் குகையில் தவம் கிடந்த பியேத்ரோ என்ற கிழத்துறவி, இப்படியே இழுத்தடித்தால் கடவுளின் தண்டனை வரும் என்று எச்சரித்தார். பதவியைச் சொன்னவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்; அவர்தான் செலஸ்தீன். 1294 ஜூலை 5.

முடிசூட அக்கிலா நகருக்குக் கழுதை மேல் வந்தார். கடிவாளத்தைப் பிடித்து நடந்தவர்கள் நேப்பிள்ஸ் அரசன் இரண்டாம் சார்லஸும் அவன் மகனும். பார்த்தவர்கள் அரசனின் பணிவை மெச்சியிருப்பார்கள். ஆனால் கடிவாளம் அப்புறமும் அரசன் கையிலேயே இருந்தது. பாப்பரசர் ரோமுக்குப் போகவே இல்லை. புதிதாக நியமித்த 12 கர்தினால்களில் 7 பேர் பிரெஞ்சுக்காரர்கள். ஒரே பதவியைப் பலருக்குக் கொடுத்தார் என்றும் பேச்சு. நேப்பிள்ஸ் கோட்டையில் அவருக்கு ஒதுக்கிய அறைக்குள் பலகையால் சின்னதாக ஓர் அறை அடித்துக்கொண்டு அதற்குள் போய் ஜெபித்தார். வெளியே எழுத்தர்கள், தூதர்கள், மனுக்காரர்கள். அந்தப் பலகைச் சுவரை எனக்குத் தெரியும். குருமடத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நான் கட்டிய சுவர் அது.

டிசம்பர் 13 அன்று மோதிரத்தையும் மகுடத்தையும் கழற்றி வைத்துவிட்டுப் பதவி விலகினார். தாந்தே தன் காவியத்தில் நரக வாசலில், கோழைகளின் கூட்டத்தில் ஒருவரைப் பெயர் சொல்லாமல் நிறுத்துகிறார். அவர் செலஸ்தீன்தான் என்று உரைகாரர் பலர் சொல்லிவந்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அவர் பிழை செய்தார்தான். அது டிசம்பரில் அல்ல, ஜூலையில். அழைத்தல் என்பது கடவுளின் குரல், மறுப்பது ஆணவம் என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். சரி, சண்டை போட்டுக் களைத்த கர்தினால்மாரின் குரலும் கடவுளின் குரலும் ஒன்றா? பிரித்தறிவது லேசு என்று சொல்லமாட்டேன். எனக்கே ஆறு வருஷம் பிடித்தது.

அடுத்து வந்த எட்டாம் போனிஃபாஸ், பதவி விலகச் சட்டத்தில் இடமுண்டு என்று இவருக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். கிழவரைச் சுற்றி எதிர்க்கட்சி திரண்டுவிடும் என்ற பயத்தில் அவரே இவரைப் பிடித்துவரச் செய்தார். கடல் தாண்டித் தப்பப் பார்த்தவர் அகப்பட்டு, ஃபுமோனே கோட்டையில் 1296 மே 19 அன்று காவலிலேயே இறந்தார்.

2009 பூகம்பத்தில், செலஸ்தீனின் உடல் இருக்கும் அக்கிலா கோவில் கூரை இடிந்தபோது, பார்க்க வந்த பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் தாம் தோளில் அணியும் பாலியத் துகிலைச் செலஸ்தீனின் பேழைமேல் விட்டுப் போனார். நான்கு வருஷம் கழித்து அவரும் பதவி விலகினார்.

1313-இல் ஐந்தாம் கிளமெந்து செலஸ்தீனுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். செலஸ்தீன் என்ற பெயரில் இல்லை. மலைக் குகையில் இருந்தபோது கூப்பிட்ட பழைய பெயரில், பியேத்ரோ என்று.