யார் பெயரில் பூக்கிறது?

டாஃபடில் என்றால் மஞ்சள்தான் நினைவுக்கு வரும். வெளியிதழ் வெள்ளையாகவும் நடுக்குழல் இளஞ்சிவப்பாகவும் பூக்கிற ஒரு வகையும் உண்டு. 1920-களில் இங்கிலாந்தில் அது விற்பனைக்கு வந்தபோது தோட்டக்காரர்களுக்கு அந்த நிறம் பெரிய ஆச்சரியம். அதன் பெயர் ‘மிஸஸ் ஆர். ஓ. பேக்ஹவுஸ்’. நூறு வருடம் கழித்தும் அதே பெயரில் கிழங்கு விற்கிறார்கள். நானும் வாங்கி நட்டிருக்கிறேன்.

அந்தப் பூவை உருவாக்கியவரே மிஸஸ் பேக்ஹவுஸ்தான். ஆனால் ஆர். ஓ. என்பது ராபர்ட் ஆர்ம்ஸ்டன், அவருடைய கணவர். அவருடைய சொந்தப் பெயர் சாரா எலிசபெத். கல்யாணத்துக்கு முன் டாட்ஜ்சன். ஹெரஃபோர்டுக்கு அருகில் இருந்த தன் தோட்டத்தில் பல வருடங்கள் டாஃபடில்களைக் கலந்து புது வகைகளை எடுத்தார். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, விதை சேர்த்து, விதைத்து, முதல் பூவைப் பார்க்க நாலைந்து வருடம் காத்திருக்கிற வேலை அது. முளைத்ததில் பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். 1921-இல் அவர் இறந்தார். பூ சந்தைக்கு வந்தது அதன் பிறகுதான். அவர் நினைவாகத்தான் பெயர் வைத்தார்கள், மரியாதையில் குறையில்லை. ஆனால் அந்த மரியாதைக்குள் அவர் பிறந்தபோது வைத்த பெயரின் ஓரெழுத்துகூட இல்லை. கல்யாணத்தோடு இனிஷியல் மாறிப்போன நம்மூர்ப் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கிழங்கு வாங்கும்போது நாம் என்ன வாங்குகிறோம் என்று யோசிக்கத் தொடங்கியது இந்தப் பெயர்ச்சீட்டைப் படித்த பிறகுதான். வசந்தத்தில் பூக்கும் கிழங்குகளை இலையுதிர் காலத்தில் நட வேண்டும். அதற்கு முன்பே விற்பனைப் பட்டியல்கள் வந்துவிடும். அவற்றில் ‘அரிது’ என்ற சொல்லைப் பார்த்தால் கை தானாக நிற்கும், என் கையும்தான். இந்த ஆசை சரிதானா?

ஸ்னோட்ராப்பை எடுத்துக்கொள்வோம். ஜனவரி, பிப்ரவரிக் குளிரில் தலைகவிழ்ந்து பூக்கும் சின்ன வெள்ளைப் பூ. ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் வித்தியாசம் உள்ளிதழில் ஒரு பச்சைப் புள்ளி, காம்போடு சேரும் இடத்தில் கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். மண்டியிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஒரு மஞ்சள் வகையின் ஒற்றைக் கிழங்கு 2022-இல் இணைய ஏலத்தில் 1,850 பவுண்டுக்குப் போனது. வெங்காயம் போன்ற கிழங்கு. பக்கக் கிழங்கு விட்டுப் பெருக வருடங்கள் ஆகும். கத்தியால் பல கீற்றுகளாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியே வளர்க்கிற முறை உண்டு. அதிலும் பூப்பதற்குச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். அரிது என்பதில் பாதி, இந்தக் காத்திருப்பின் விலை.

ஆசைக்கு எல்லன் வில்மாட்டைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. எஸெக்ஸில் வார்லி பிளேஸ் என்ற அவருடைய தோட்டம் டாஃபடிலுக்குப் பெயர்போனது. 1897-இல் அரச தோட்டக்கலைச் சங்கம் முதன்முறை 60 பேருக்கு விக்டோரியா பதக்கம் அறிவித்தபோது, அதில் பெண்கள் இரண்டே பேர்: கெர்ட்ரூட் ஜீகிலும் இவரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த சொத்தையெல்லாம் செடியில் கொட்டிக் கடனில் செத்தார். டாஃபடில் திருடர்களைப் பிடிக்கப் பாத்திகளில் கம்பி கட்டி வைத்திருந்தார் என்பார்கள். அதே வில்மாட், பார்க்கப் போன தோட்டங்களில் ஒரு முள்செடியின் விதையை ரகசியமாகத் தூவிவிட்டு வருவார் என்றும் ஒரு கதை. அந்தச் செடியை இன்றும் ‘மிஸ் வில்மாட்டின் பேய்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

அவரைப் பற்றிய கதைகளில் கிறுக்கு, பேராசை, ஊதாரித்தனம் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வரும். எனக்கு அவரைப் பிடிக்கும். கொடுத்துக்கொண்டே இரு, உனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் அந்தக் கம்பி கொஞ்சம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஹென்றி ஜான் எல்வெஸ் 1874-இல் ஸ்மிர்னாவுக்கு, அதாவது இன்றைய இஸ்மிருக்கு, அருகில் மலையில் ஒரு பெரிய ஸ்னோட்ராப்பைப் பார்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அது பேராசையாக எழுதப்படவில்லை. அந்தப் பூவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கலாந்தஸ் எல்வெஸியை.

ஆனால் வில்மாட்டுக்காகப் பேசும்போது என் வாதம் இடறுகிற இடமும் இதே பூதான். எல்வெஸியை பின்னாளில் கோடிக்கணக்கில் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தது. அத்தனையும் யாரும் வளர்த்ததல்ல. துருக்கி மலைகளில் கிராமத்து ஏழைக் குடும்பங்கள் தோண்டி எடுத்தது. அவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். கிழங்கு நெதர்லாந்து வழியாகக் கடைக்கு வந்து சேரும்போது மலையும் இல்லை, தோண்டிய கையும் இல்லை, வண்ணப்படம் போட்ட ஒரு பொட்டலம்தான். 1990 முதல் ஸ்னோட்ராப் வணிகம் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. டாரஸ் மலையில் சில கிராமங்கள் கிழங்கைத் தங்கள் நிலத்திலேயே பெருக்கி விற்கவும் தொடங்கின. நல்ல மாற்றம்தான். ஆனாலும், ஆசைப்படுவது என் உரிமை என்று நான் சொல்லும்போது, அதற்காகக் குனிந்து தோண்டுகிறவள் எங்கேயோ இருக்கிறாள். சாராவின் பெயர் பாதியாவது பட்டியலில் இருக்கிறது. இவளுக்கு அதுவும் இல்லை.

அதனால் ஆசையை விடுவதா? நான் விடவில்லை. சந்நியாசம் பெண்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு போதிக்கப்பட்டிருக்கிறது. கேள்வி கேட்கப் பழகிக்கொண்டேன். இது எங்கே வளர்ந்தது, யார் பெருக்கினார்கள் என்று விற்பவரிடம் கேட்பேன். தோட்டத்திலேயே பெருக்கியவர் சந்தோஷமாகப் பத்து நிமிடம் பேசுவார். மழுப்பினால் வாங்குவதில்லை. மிக மலிவாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, வேர் கிழிந்து வரும் காட்டுவகைக் கிழங்குகளைத் தொடுவதில்லை.

முடிந்தால் விதையிலிருந்து தொடங்குகிறேன். துலிபா ஸ்ப்ரெங்கரி என்றொரு துலிப் இருக்கிறது. வடக்குத் துருக்கியின் அமாஸ்யா பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவுக்கு வந்தது. பிறகு காட்டில் அதை யாரும் பார்க்கவில்லை. தோட்டங்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. மற்ற துலிப்கள் ஓய்ந்தபின், மே கடைசியில் சிவப்பாகப் பூக்கும். கிழங்கு விலை அதிகம். ஆனால் விதை போட்டால் தகராறில்லாமல் முளைக்கும். நாலைந்து வருடம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். வியாபாரத்துக்கு அந்தப் பொறுமை கட்டுப்படியாகாது. காட்டில் ஒழிந்துபோன ஒரு பூ, விதையை உதிரவிட்டுக் களை பிடுங்காமல் இருந்த தோட்டக்காரர்களால் உயிரோடிருக்கிறது.

நான் விதைத்து மூன்று வருடமாகிறது. இப்போதைக்குப் புல் போல ஒற்றை இலை. பக்கத்து வீட்டம்மா உதவி செய்வதாக நினைத்து இரண்டைப் பிடுங்கிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. முதல் விதை பழுத்ததும் பாதியை மடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதி எனக்கு.