சிறையிற் பித்துற்றோரும் சிவதருமமும்



நம் சமயகுரவருள் இருவர் அரசராணையாற் சிறைப்பட்டோர். திருநாவுக்கரசு சுவாமிகள் ஏழுநாள் நீற்றறையில் அடைபட்டார்; மாணிக்கவாசக சுவாமிகள் பாண்டியன் சிறையிலே துன்புற்றார். சுந்தரமூர்த்தி சுவாமிகளோ தம்மைத் தடுத்தாட்கொண்ட பெருமானைப் பித்தனென்றே அழைத்துப் பாடினார். நல்லூர்த் தேரடியிலிருந்த செல்லப்பா சுவாமிகளை நம்மூரார் விசரரென்றனர். இவற்றையெல்லாங் கேட்டு வளர்ந்த நாம், சிறையும் பித்தும் ஒருவர்மேல் ஒருங்கே வந்தவிடத்து மாத்திரம் முகந் திருப்பிக்கொள்வது முறையாகுமா?

பித்தெல்லாம் ஞானமென்று சொல்ல வந்தேமல்லேம். ஞானியர் பித்து வணங்கத்தக்கது. நோயாளர் பித்து வைத்தியஞ் செய்யத்தக்கது. இவ்வேற்றுமையை நாம் அறிந்துகொண்டது நம் பிழையினாலேயாம். அதனை ஒளியாது கூறுவாம்.

சில ஆண்டுகளின் முன் நம்மிடங் கற்ற ஒருவர் தண்டப்பணங் கட்ட வழியின்றிச் சிறைசென்றார்; நெடுங்காலங் கசிப்பருந்தியவர். மூன்றாம் நாள் அவர் அன்னையார் ஓடிவந்து, "வாத்தியார், பிள்ளைக்குக் கை நடுங்குது, சுவரிலை பூச்சி ஊருதெண்டு கத்துறான். ஒருக்கா வந்து சொல்லிவிடுங்கோ" என்று அழுதார். நாமோ, "அம்மா, செய்தவினை அனுபவித்தே தீரவேண்டும்; தேவாரம் ஓதுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். காவலர் அதனை நடிப்பென்றனர். ஐந்தாம் நாள் வலிப்புக் கண்டபின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோயினர். உயிர் பிழைத்தார்.

பின்னர் ஒரு வைத்தியர் நமக்கு விளக்கினார்: நாட்பட்ட குடி சடுதியாக நின்றால், இரண்டு முதல் நான்கு நாளுள் நடுக்கமும், இல்லாதன காண்டலும், அறிவுமயக்கமும் தோன்றலாம்; வைத்தியமின்றி விடின் உயிரையும் போக்கும்; வேளையோடு மருந்து கொடுப்பின் பெரும்பாலும் தணியும். நாம் வினையென்று பெயரிட்டது மருந்துக்குக் கட்டுப்படும் நோயாயிருந்தது. அவ்வன்னையார் நம்மை நொந்து ஒரு சொல்லுங் கூறவில்லை. அதுவே நம்மைச் சுடுகின்றது.

"குற்றஞ்செய்தோன் துன்புறுவது வினைப்பயனன்றோ" என்பாருமுளர். அவர்க்குத் திலகவதியார் சரிதமே விடையாம். தம்பியார் சைவத்தை விட்டுப் புறச்சமயம் புகுந்தவர். அவருற்ற சூலையும் இறைவன் கொடுத்ததே. அவ்வாறிருந்தும், நள்ளிரவிலே வந்து காலில் வீழ்ந்தவரை அம்மையார், "உன் வினையை நீயே அனுபவி" என்று தள்ளினாரா? திருநீறளித்து அழைத்துச் சென்று திருவதிகைப் பெருமான் சந்நிதியில் விட்டார். வினையை ஊட்டுவோன் இறைவன். நமக்கு விதிக்கப்பட்டது சீவகாருணியமே. நீதிபதி விதித்த தண்டனையும் விடுதலையை நீக்குவதன்றி மருந்தை நீக்குவதன்று.

இதனைப் பிறசமயத்தார் நமக்கு முன்னே செய்துகாட்டினர். அமெரிக்காவில் மசாச்சூசெற்சு நாட்டிலே டொரதியா டிக்ஸ் என்னும் பள்ளி ஆசிரியை, 1841ஆம் ஆண்டு சிறைப்பட்ட மகளிர்க்குச் சமயபாடஞ் சொல்லச் சென்றார். அங்கே சித்தங் கலங்கினோர் கடுங்குளிரில் நெருப்பின்றி அடைபட்டிருக்கக் கண்டார். பாடஞ் சொல்லி மீண்டாரல்லர். அந்நாட்டுச் சிறைகளையும் ஏழையர் விடுதிகளையும் நேரிற் பார்த்து, 1843இல் சட்டசபைக்கு விண்ணப்பஞ் செய்தார். அவர் முயற்சியால் மனநோய் வைத்தியசாலைகள் பல எழுந்தன. அவரும் நம்போல் ஆசிரியரே. அவர் கண்டவிடத்து நின்றார். நாம் கேட்டவிடத்தும் எழுந்திலேம்.

2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மண்டேலா விதிகள், சிறைப்பட்டோர்க்கும் வெளியிலுள்ளார்க்கு ஒத்த வைத்தியம் வேண்டுமென்றும், சிறைபுகுந்தவுடன் ஒவ்வொருவரையும் பரிசோதித்துத் தற்கொலை எண்ணம் உண்டோவென அறிய வேண்டுமென்றும், கடுமனநோயுற்றோரைச் சிறையில் வையாது வைத்தியசாலைக்கு விரைந்து மாற்ற வேண்டுமென்றுங் கூறுகின்றன. நம் நாட்டிலும், அங்கொடையில் 1926இல் தொடங்கி இன்று தேசிய மனநல நிறுவகமாய் விளங்கும் வைத்தியசாலையில் நீதிமன்றத்தார் அனுப்புவோர்க்குத் தனிப்பிரிவுண்டு. ஆனால் சிறைக்கதவுக்கும் அப்பிரிவுக்கும் இடையே, "இது நோய்" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும்.

அவ்வாய் சுற்றத்தாரதும் நம்மதுமாகுக. உறவினர் சிறைப்பட்டால், அவர் முன்னரே உண்டுவந்த மருந்தையும் குடிப்பழக்கத்தையும் மானத்துக்கஞ்சி மறையாது, முதல்நாளே சிறை அதிகாரிக்கும் வைத்தியருக்கும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியைக் கையிற் கொண்டுசெல்லுங்கள். சாகவேண்டுமென்று ஒருவர் சொன்னால் அதனை வெறும்பேச்சென்று கொள்ளாதீர்கள். வாய்பேசாது ஒடுங்கிக் கிடப்போரையும் விசாரியுங்கள். கத்துவோர் மாத்திரம் நோயாளரல்லர். தேவாரம் ஓதுக; ஓதிய வாயாலேயே வைத்தியரையும் அழைக்குக.

புள்ளிருக்குவேளூரிலே வைத்தியநாதன் என்று பெயர்பூண்டு எழுந்தருளியிருக்கும் பெருமான், நோயாளரின் குற்றப்பத்திரிகையைக் கேட்டு அருள்புரிவானல்லன். அவனடியாரென்று சொல்லிக்கொள்ளும் நாமும் கேளாதிருப்போமாக.

சிவம்.