வளைக்கரடியும் கோபுரமும்

அஞ்சற்பணி செய்தே பிரபுக்களான குடும்பம் ஒன்று ஐரோப்பாவில் உண்டு. இத்தாலியின் பெர்காமோ நகரையடுத்த கோர்னெல்லோ என்னும் மலைச்சிற்றூரில் தோன்றிய தாஸோ குடும்பம் அது. ‘தாஸோ’ என்பது இத்தாலிய மொழியில் வளைக்கரடியின் பெயர். மண்ணைத் தோண்டி வாழும் அவ்வெளிய விலங்கையே அவர்கள் தம் குலச்சின்னமாகக் கொண்டனர். அதனுடன் அஞ்சற்காரர் ஊதும் கொம்பும் இடம்பெற்றது.

1490 முதல் ஹாப்ஸ்பர்க் மன்னர் மாக்ஸிமிலியனுக்கு அவர்கள் அஞ்சல் நடத்தினர். வழிநெடுக நிலையங்கள், நிலையந்தோறும் புதிய குதிரை. 1505-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, பிரஸ்ஸல்ஸில் புறப்பட்ட மடல் கோடையில் ஐந்தரை நாளிலும் குளிர்காலத்தில் ஆறரை நாளிலும் இன்ஸ்ப்ருக்கை அடைய வேண்டும். 1512-இல் பிரபுப் பட்டம் கிட்டியது. உழைப்புக்குக் கிடைத்த அச்சிறப்பில் நாம் குறை காணவில்லை. பனியில் குதிரை செலுத்தியவருக்குக் கேடயமும் இல்லை, சின்னமும் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

பிற்காலத்தில் அக்குடும்பத்தாருக்கு வளைக்கரடி போதவில்லை. கணவர் மறைந்தபின், 1628 முதல் 1646 வரை, முப்பதாண்டுப் போரின் நடுவே, அஞ்சல் முழுவதையும் தாமே நடத்தியவர் அலெக்ஸாந்திரின் அம்மையார். அவர்தாம் அறிஞரைக் கொண்டு வமிசாவளி எழுதுவித்தார்: மிலான் நகரை ஒருகாலத்தில் ஆண்ட தெல்லா தோர்ரே பிரபுக்களின் வழித்தோன்றல்களாம் தம் குலத்தார்! ‘தோர்ரே’ என்றால் கோபுரம். 1650-இல் பேரரசரின் இசைவுடன் குடும்பப் பெயர் ‘துர்ன் உண்ட் தாக்ஸிஸ்’ ஆயிற்று. கேடயத்தில் கோபுரம் ஏறியது. வளைக்கரடி நடுவிலுள்ள சிறு கேடயத்துள் ஒடுங்கியது. அந்த மூதாதையர் உறவுக்கோ உறுதியான சான்றில்லை.

குலம் பார்க்கும் அவையில் குலம் காட்டாதவர் பதவி நிலைக்காது என்று அம்மையார் சார்பில் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையுண்டு, அவர்மீது பழி சுமத்த நாம் துணியோம். ஆயினும், போர்க்காலத்தில் மடல் தவறாமல் செலுத்திய ஒருவர் இல்லாத பாட்டனைத் தேட நேர்ந்ததே என்று நெஞ்சம் வருந்துகிறது. ஊர்விட்டு வந்து வடபுலத்தில் வாழும் நம் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. சம்பந்தப் பேச்சு தொடங்கியதும் பாட்டனாரின் மிராசு முன்னே வந்து அமர்கிறது. முப்பதாண்டு எழுத்தராயிருந்து மாதந்தோறும் மணியார்டர் அனுப்பித் தங்கையரைக் கரையேற்றிய தந்தையைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

1867-இல் பிரஷ்யா முப்பது இலட்சம் தாலருக்கு அக்குடும்பத்தின் அஞ்சலை எடுத்துக்கொண்டது. பிறப்பால் வரும் பிரபுச் சலுகைகளை 1919-ஆம் ஆண்டு ஜெர்மானிய அரசியலமைப்பு நீக்கிற்று. அந்நாட்டின் மஞ்சள்நிற அஞ்சற்பெட்டிகளில் இன்றும் கொம்பு இருக்கிறது.