கண் திறக்காத வீரர்கள்

உலோகத்தில் வார்த்த அந்தப் படைவீரனின் உயரம் 15 மில்லிமீட்டர். நெப்போலியன் காலப் போர்களை மேசைமேல் விளையாட்டாக நடத்துபவர்கள் இப்படி நூற்றுக்கணக்கில் வாங்கி, ஒவ்வொருவராக வண்ணம் தீட்டுகிறார்கள். அந்தக் காணொளிகளை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். முதலில் உடல் முழுக்கக் கறுப்பு. பிறகு கோட்டின் நீலம், மார்பில் குறுக்குவாரின் வெள்ளை. இரண்டுக்கும் நடுவே அடிக்கறுப்பை மயிரிழையளவு விட்டுவைக்க வேண்டும். தூரத்திலிருந்து உருவத்தைப் பிரித்துக் காட்டுவது அந்த இழைதான். தூரிகை மிகச் சிறியதாகவும் இருக்கக்கூடாது. பொம்மையைத் தொடுவதற்குள் வண்ணம் நுனியிலேயே காய்ந்துவிடும்.

ஒற்றுக்குப் புள்ளியிடாத ஏடுகளோடு ஆராய்ச்சிக் காலத்தைக் கழித்தவள் நான். இத்தகைய பொறுமையைக் கண்டதும் மரியாதை வந்துவிடுகிறது. அந்த மரியாதையைத்தான் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கூர்ந்து கவனிப்பது தன்னளவிலேயே அறமாகிவிடுமா?

பிரிட்டிஷ் காலாட்படையில் காலருக்கும் கைமடிப்புக்கும் ஒரு ரெஜிமென்டில் மஞ்சள், இன்னொன்றில் பச்சை, வேறொன்றில் நீலம். அது பிசகக்கூடாது. கண்ணை மட்டும் வரைய வேண்டாம் என்பது இந்த அளவுப் பொம்மைகளுக்குப் பலரும் சொல்லும் யோசனை. வரைந்தால் விழி பிதுங்கி நிற்கும். லேசான நிழல் போதும். (நம் சிற்பிகள் கடைசியில் கண் திறப்பார்கள். இங்கே கைமடிப்போடு வேலை முடிகிறது.) தொழில்நுட்பக் காரணம் நியாயமானதே. ஆனால் சீருடை என்பதே அதை அணிந்தவனுக்கு முன்னால் அவனுடைய படைப்பிரிவு கண்ணில் படவேண்டும் என்று தைக்கப்பட்டதுதானே? தூரிகை அந்த ஆணைக்கு இன்னும் கீழ்ப்படிந்துகொண்டிருக்கிறது.

அந்தப் படைகளோடு பெண்களும் நடந்தார்கள். வெளிநாட்டுப் போருக்குக் கிளம்பும் பிரிட்டிஷ் படையில் 100 பேர் கொண்ட கம்பெனிக்கு ஏறக்குறைய 6 மனைவியர்தான் கூடப் போகலாம். யார் போவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். உடன்போக்கு என்று நான் வகுப்பில் சொல்லித்தருவது வேறு. இது கப்பல்துறையில், கைக்குழந்தையோடு, சீட்டைப் பிரித்துப் பார்ப்பது. பிரெஞ்சுக் குடியரசோ 1793இல், பயனற்ற பெண்களைப் படையிலிருந்து அகற்ற வேண்டும் என்றே சட்டம் போட்டது. துணி துவைப்பவர்களையும் உணவும் சாராயமும் விற்பவர்களையும் விட்டுவைத்தது.

சாராயப் பீப்பாயைத் தோளில் மாட்டிய அந்தப் பெண்ணும் பொம்மையாகக் கிடைக்கிறாள். நெப்போலியன் காலத்தில் அவளுக்கென்று வகுத்த சீருடை கிடையாது. எனவே பாவாடைக்கு என்ன நிறம் கொடுத்தாலும் யாரும் பிழை சொல்ல முடியாது. கைமடிப்பின் பச்சையைத் தேடிப் புத்தகம் புத்தகமாகப் புரட்டும் கவனம் இவளிடம் வந்ததும் ஓய்வெடுத்துக்கொள்கிறது. பிழை சொல்ல ஆள் இருக்கும் இடத்தில் மட்டும் விழித்திருக்கும் கவனத்தை அறம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திறமை என்பேன். அதற்கு மேல் இல்லை.

ஓய்வு நேரத்தில் செய்தால் இது ஆழ்ந்த ஈடுபாடு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் பகுதியில் தகரவீரர்களுக்கு வண்ணம் தீட்டியவர்களில் பெண்களும் பிள்ளைகளும் உண்டு. வீட்டிலிருந்தபடி, கூலிக்கு. இன்றும் தீட்ட நேரமில்லாதவர்கள் கூலிக்குத் தீட்டித்தரும் நிறுவனங்களுக்குப் பொம்மைகளை அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட நிறுவனம் இலங்கையிலும் உண்டு. கூலி ஒரு பொம்மைக்கு இவ்வளவு என்ற கணக்கு.